மேல்மண்ணை லாரியில் ஏற்றிவிடாதீர்கள்! – வீடு கட்டுவோர் கேள்வி பதில்

போன இதழில் 'மீளுருவாக்கக் கட்டடக்கலை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு வீட்டைக் கட்டி முடித்த பிறகு அந்த மனையின் நீரும் மண்ணும் மரமும் கட்டுவதற்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வரி சொன்னது. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் விளக்கம் கேட்கிறார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க இதற்கே.

பசுமைக் கட்டடம், நீடித்த கட்டடம் என்று ஏற்கெனவே பல பெயர்கள். இப்போது மீளுருவாக்கம். பெயரை மாற்றி மாற்றி விற்கிறார்களா?
– கட்டடக்கலை மாணவி, திருநெல்வேலி

சந்தேகம் நியாயமானதுதான், அப்படி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெயருக்குப் பின்னால் விஷயம் உண்டு. கந்துவட்டிக்குக் கடன் வாங்கியவர் எப்படியோ பேசி வட்டியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அதுதான் பசுமைக் கட்டடம். கரண்ட் 100 யூனிட் எடுத்த இடத்தில் 60 எடுக்கும், தண்ணீரும் குறைவாக எடுக்கும், ஆனால் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குவதுதான் மீளுருவாக்கம்.

இந்தச் சொல்லைக் கட்டடத் துறைக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் டில்மன் லைல், கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நிலவடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். 1976-இல் தன் மாணவர்களுக்கு அவர் ஒரு கணக்குக் கொடுத்தார்: கிடைக்கிற புதுப்பிக்கத்தக்க வளத்துக்குள்ளேயே, சுற்றுப்புறத்தைக் கெடுக்காமல், ஒரு சின்னச் சமூகம் எப்படி வாழும்? அந்தக் கணக்கு வளர்ந்து, 1990-களில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே 16 ஏக்கரில் ஓர் ஆய்வு மையமாக நின்றது. அதற்குக் கிடைத்த இடம் எங்கே என்றால், ஒரு குப்பை மேட்டுக்குப் பக்கத்தில். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்த இடம்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற வழியில் ஆரோவில் இருக்கிறதே, வட்டமான தங்கக் கோளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். 1968-இல் அந்த ஊர் தொடங்கியபோது அது கிட்டத்தட்ட மொட்டையான செம்மண் மேடு. மரங்கள் எப்போதோ வெட்டுப்பட்டுப் போயிருந்தன. மழை பெய்தால் ஓடைகள் பள்ளத்தாக்கு மாதிரி மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும், கடல் சிவப்பாகும். அங்கே குடியேறியவர்களும் சுற்றியுள்ள குயிலாப்பாளையம், கோட்டக்கரை போன்ற ஊர்களின் கூலியாட்களும் சேர்ந்து முதலில் கட்டியது மண்கரைகள். வயலுக்கு வரப்பு போடுகிற மாதிரி, சரிவுக்குக் குறுக்கே, விழுந்த மழை விழுந்த இடத்திலேயே நிற்கும்படி. அதற்குப் பிறகுதான் மரம். முதலில் வேகமாக வளரும் வெளியூர் மரங்களை நட்டு நிழலும் சருகும் உண்டாக்கினார்கள், அந்த நிழலில் இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த மரங்களின் விதைக்கு எங்கே போவது? பக்கத்துக் கோயில் காடுகளில் மிச்சம் இருந்தது. அம்மனுக்கும் ஐயனாருக்கும் பயந்து நம் ஆட்கள் வெட்டாமல் விட்ட மரங்கள்தான் விதை கொடுத்தன.

வீடுகளும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். மனிதர்கள் குடியேற, இடமும் மேலே வந்தது. கட்டடம் வந்தால் இடம் கெடும் என்றே பழகிப்போன நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். ஆரோவில்லைப் பற்றி எனக்கு வேறு பல கருத்துகள் உண்டு, அது வேறு பஞ்சாயத்து. மண்ணை மீட்ட விஷயத்தில் கைகூப்பத்தான் வேண்டும்.

எங்களுக்கு இருப்பதே அரை கிரவுண்டு, மேடவாக்கம் பக்கம். காடு வளர்க்க இடம் எங்கே? இதெல்லாம் தோட்டக்காரர்கள் சமாச்சாரம் இல்லையா?
– தனியார் நிறுவன ஊழியர், சென்னை

1,200 சதுர அடியில் காடு வேண்டாம். உங்கள் மனையில் விழுகிற மழையை மட்டும் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் மேல் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர், இதற்கு மேல் கணக்கு தேவையே இல்லை. மொட்டைமாடி 800 சதுர அடி என்றால் சுமார் 75 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரி 1,400 மில்லிமீட்டரை ஒட்டி. பெருக்கினால் ஒரு லட்சத்து ஐயாயிரம் லிட்டர். ஆவியாவதும் சிந்துவதுமாக ஒரு பங்கைக் கழித்தாலும் 85,000 லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரி! இதைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு மே மாதம் ஏழு லாரிக்குக் காசு கொடுக்கிறோம்.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்ததும் ஊரே குழி தோண்டியது நினைவிருக்கும். நானும் தோண்டினேன். கட்டட வேலை தெரிந்தவன் என்ற திமிரில், மூன்றடிக் குழி எடுத்து, உடைந்த செங்கல்லும் ஜல்லியும் கொட்டி, மேலே பலகைக்கல் போட்டு மூடி, அதன்மேல் ஸ்கூட்டரை நிறுத்தினேன். 2015 மழையில் குழாயில் போன தண்ணீர் அப்படியே எதிர்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் மூடியைத் திறந்தேன். மாடியிலிருந்து பன்னிரண்டு வருஷம் இறங்கிய தூசியும் இலையும் ஜல்லிக்குள் படிந்து, களிமண் அப்பம் மாதிரி இறுகிப்போயிருந்தது. கடப்பாரை போட்டுப் பெயர்த்தோம். அப்புறம் மூன்றடி அகல சிமென்ட் உறை இறக்கி பதினைந்தடி ஆழத்துக்கு உறைக்கிணறு, அதற்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி வண்டல் தொட்டி. தூசி அந்தத் தொட்டியில் தங்கும், தெளிந்தது கிணற்றுக்குப் போகும். ஆடி மாதம் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை தொட்டியை வழித்துப் போட வேண்டும். அரைமணி வேலை. அந்த அரைமணியைச் செய்ய ஆளில்லாத வீட்டில் எந்த அமைப்பும் நிற்காது.

ஆனால் உங்களுக்கு இதையே சொல்ல மாட்டேன். மேடவாக்கம் பக்கம் என்கிறீர்கள், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு எவ்வளவு தூரம்? உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றது அது, சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் வந்து தங்குகிற வயிறு. அதன் ஓரத்தில் கார்த்திகை மாதம் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் நிற்கும், அங்கே உறைக்கிணறு இறக்கி நிரம்பிய குடத்தில் ஊற்றுவானேன்? உங்கள் மனை அப்படிப்பட்டதானால் மாடித் தண்ணீரைப் பெரிய சம்ப்பில் பிடித்து, வடிகட்டி, பயன்படுத்துங்கள். முதல் மழையின் பத்து நிமிடத் தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் வெளியே விட்டுவிட வேண்டும், அதில்தான் காக்கை எச்சமும் புகையும். அப்புறம் மிக முக்கியம்: மனையை இடிபாடு கொட்டி நான்கடி உயர்த்தாதீர்கள். நீங்கள் உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர் அடுத்த வருஷம் ஐந்தடி உயர்த்துவார். தூண்மேல் வீட்டை எழுப்பி, கீழே தண்ணீர் வந்துபோக விடுங்கள். காம்பவுண்டு சுவரிலும் அடியில் துளை வையுங்கள்.

மனை இன்னும் வாங்கவில்லை என்றால் புல வரைபடத்தையும் கிராமக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள், பக்கத்தில் ஒரு பெரியவரிடம் 'இங்கே முன்னால் என்ன இருந்தது' என்று கேளுங்கள். 'ஏரி உள்வாய்', அதாவது ஏரித் தண்ணீர் பரவி நிற்கிற இடம் என்று அவர் சொன்னால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

மண்கல்லில் வீடு கட்டலாம் என்று கணவர் ஆசைப்படுகிறார். 'குடிசையிலிருந்து மாடிக்குப் போக மூன்று தலைமுறை ஆச்சு, திரும்ப மண்ணுக்கா' என்று மாமனார் கேட்கிறார். எனக்கு மாமனார் சொல்வதுதான் சரி என்று படுகிறது.
– ஆசிரியை, விழுப்புரம்

மாமனாரின் கேள்விக்குள் இருக்கிற வலியைச் சிரித்துத் தள்ளக் கூடாது. ஒவ்வொரு ஐப்பசியிலும் சுவர் கரைந்து, தை மாதம் மெழுகி, மறுபடி கரைந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். அவரிடம் போய் மண்தான் அழகு என்று நகரத்து ஆட்கள் பாடம் நடத்தினால் எரிச்சல்தான் வரும்.

நான் சொல்வது அழுத்திய மண்கல். மண்ணில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து, லேசாக ஈரம் காட்டி, இரும்பு அச்சில் போட்டு நெம்புகோலில் இரண்டு பேர் தொங்கி அழுத்தினால் கல் வெளியே வரும். சூளை இல்லை, விறகு இல்லை. நான்கு வாரம் நனைத்து மூடி வைத்தால் போதும். ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டடக் கழகம் இதில் உலகத்துக்கே பாடம் எடுக்கிறது. அங்குள்ள பார்வையாளர் மையம் இந்தக் கல்லில் கட்டியதுதான், 1992-இல், மண்வீடுகளுக்குப் பேர்போன எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபத்தி பெயரிலான விருது வாங்கியது. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணிநேரம்தான். மாமனாரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வாதம் செய்ய வேண்டாம், அவரே சுவரைத் தட்டிப் பார்க்கட்டும்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. மனையில் மேலே ஓர் அடி மண்ணை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே இருக்கிற மண்ணை எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகப் போடுங்கள். தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நன்றாகக் குலுக்கி, ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். வைத்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே சரளையும் மணலும் அடியில் உட்கார்ந்துவிடும், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே வழவழவென்று களி. காலையில் ஸ்கேலை வைத்து அளக்கலாம். மொத்தத்தில் பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி சரளையும் வண்டலும் என்றால் அருமையான மண். களி கூடிவிட்டால் மணல் சேர்க்க வேண்டியிருக்கும். கரிசலாக இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடலாம், அது காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வீங்கும், சிமென்டுக்கு அடங்காது.

கல்லுக்கு மண் எடுத்த குழி இருக்கிறதே, அதை என்ன செய்வது என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்யுங்கள். அதுதான் உங்கள் மழைநீர்த் தொட்டி, அல்லது சின்னக் குளம். வீடு எங்கிருந்து வந்ததோ அங்கே தண்ணீர் நிற்கும். அடித்தளம் மட்டும் கருங்கல்லில், தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயரத்துக்கு. கூரை விளிம்பு இரண்டடிக்குக் குறையாமல் வெளியே நீளட்டும். மாமனார் பார்த்த சுவரெல்லாம் கரைந்தது இந்த இரண்டும் இல்லாததால்தான், மண்ணைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வங்கிக் கடன் வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டியே மேலாளரிடம் பேசிவிடுங்கள், மண்கல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கல்லின் வலிமைச் சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சு மாறும்.

குளியலறைத் தண்ணீரை வாழைக்கு விடுகிறோம். ஒரு வருஷம் நன்றாக இருந்தது. இப்போது நாற்றம், கொசு. வீட்டுக்காரர் சாக்கடையிலேயே இணைத்துவிடலாம் என்கிறார்.
– இல்லத்தரசி, திண்டுக்கல்

இணைக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் மூடாமல் தேங்கி நின்றால் கொசு, காற்றில்லாமல் அழுகினால் நாற்றம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், தினமும் ஒரே குழியில் ஊற்றுகிறீர்கள். நான்கு பேர் வீட்டில் நாளைக்கு 500 லிட்டர் செலவு என்று வையுங்கள், கழிப்பறையை விட்டுவிட்டால் முந்நூற்றைம்பதுக்கு மேல் வரும். இரண்டு வாழை எவ்வளவு குடிக்கும், பாவம்!

ஓர் ஆளுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் வீதம், இரண்டடி ஆழத்தில் நீளவாக்கில் ஒரு தொட்டி எடுங்கள். ஜல்லி நிரப்புங்கள். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும், ஆனால் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு நான்கு விரல் கீழேயே நிற்க வேண்டும். கண்ணுக்குத் தண்ணீர் தெரியவில்லை என்றால் கொசுவுக்கும் தெரியாது. கல்வாழை, சம்பு, வெட்டிவேர் வையுங்கள். அந்த வேர்களிலும் ஜல்லியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்தான் சோப்பையும் அழுக்கையும் தின்னும், செடி அவற்றுக்கு வீடு. வெளியே வருவதை வாழைக்கும் தென்னைக்கும் மாற்றி மாற்றி விடுங்கள், கீரைக்கும் பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் வேண்டாம். சமையலறைத் தண்ணீரையும் சேர்ப்பதென்றால் முன்னால் எண்ணெய் பிடிக்கிற சின்னத் தொட்டி ஒன்று கட்டாயம். திண்டுக்கல்லில் பிரியாணி வீட்டிலேயே செய்பவர்கள் அதை வாரம் ஒருமுறை வழிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் ஐ.டி. அலுவலகம் பிளாட்டினம் பசுமைக் கட்டடம். முழுக்கக் கண்ணாடி, நாள் முழுக்க ஏ.சி., பகலிலும் திரை போட்டு விளக்கு எரிகிறது. இது என்ன கணக்கு?
– மென்பொருள் பொறியாளர், கோவை

மதிப்பெண் கணக்கு. சைக்கிள் நிறுத்த இடம் விட்டால் ஒன்று, குறைவாகத் தண்ணீர் எடுக்கும் குழாய்க்கு ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். பரீட்சையில் கணக்குக்குப் பதில் கட்டுரையில் மார்க் வாங்கித் தேறுவதில்லையா?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. ஹைதராபாத்தில் 2004-இல் திறந்த இந்தியத் தொழில் கூட்டமைப்பின் பசுமை வணிக மையம், லீட் என்ற அமெரிக்கப் பசுமைச் சான்றிதழின் உச்சப் படியான பிளாட்டினத்தை அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வாங்கிய கட்டடம், நடுவில் முற்றம் வைத்து வெளிச்சம் எடுக்கிறது, தன் கழிவுநீரைச் செடி வேர்ப்படுகையில் சுத்தம் செய்து தோட்டத்துக்கே விடுகிறது. அது நல்ல வேலை.

இதைவிடக் கடுமையான ஒரு பரீட்சை உண்டு, 'வாழும் கட்டடச் சவால்' என்று 2006-இல் வந்தது. காகிதத்தில் கணக்குக் காட்டினால் போதாது, கட்டி ஆட்கள் குடியேறிய பிறகு தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ஓடிக் காட்ட வேண்டும். சியாட்டிலில் 2013-இல் திறந்த புல்லிட் மையம் என்ற ஆறு மாடி அலுவலகம் அதில் தேறியது. வருஷத்தில் பாதி நாள் மேகம் மூடிக் கிடக்கும் ஊரில், கூரையைச் சுவருக்கு வெளியேயும் நீட்டி சூரியத் தகடு பதித்து, தனக்கு வேண்டிய கரண்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்தது அவர்கள் தோற்ற இடம். ஆறு மாடிக்கும் மலத்தை உரமாக்கும் கழிப்பறை வைத்தார்கள், பராமரிக்க முடியவில்லை, சில வருஷங்களுக்குப் பிறகு கழற்றிவிட்டார்கள். அதை மறைக்காமல் ஊரறியச் சொன்னார்கள். நம் ஊரில் வேலை செய்யாத சூரிய ஹீட்டர் எத்தனை மொட்டைமாடியில் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது, யாராவது வாய் திறக்கிறோமா?

காரைக்குடிப் பக்கம் தாத்தா வீடு. சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறது. இடித்துவிட்டு 'மீளுருவாக்க' வீடாகக் கட்டலாமா?
– வங்கி ஊழியர், மதுரை

இடித்துவிட்டு எதை மீட்பது, ஐயா? ஏற்கெனவே நிற்கிற சுவரை நிற்க வைப்பதைவிட மலிவான, மண்ணுக்கு நல்லதான வேலை வேறு இல்லை. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. எரிபொருள் புகை ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் வாயு இன்னொரு பக்கம். சுண்ணாம்பையும் சுடத்தான் செய்கிறோம், ஆனால் சுண்ணாம்புப் பூச்சு சுவரில் காய்ந்து கல்லாகும்போது, சுட்டபோது கல்லிலிருந்து போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. உங்கள் தாத்தா வீட்டுச் சுவர் அந்த வேலையைப் பல வருஷம் செய்திருக்கிறது.

உப்புப் பூப்பதற்கு வருகிறேன். நடுவில் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள், சரிதானே? இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தையெல்லாம் சிமென்ட் வைத்து அடைக்கச் சொன்னேன். அங்கிருந்த வயதான கொத்தனார் ஒருவர் 'தம்பி, சுவருக்கு மூச்சு முட்டும்' என்றார். நான் புத்தகம் படித்தவன், கேட்கவில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் அந்தச் சிமென்ட் பலகை பலகையாகக் கழன்று விழுந்தது, கூடவே உள்ளிருந்த செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமென்ட் விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் சேர்க்கும், அந்த உப்பு பூத்துத் தள்ளும். அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் இல்லை.

ஆகவே சிமென்டைச் செதுக்கி எடுங்கள், சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள், அப்புறம் சுண்ணாம்பு. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்து அரைக்கத் தெரிந்தவர்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முற்றத்தை மட்டும் தயவுசெய்து கண்ணாடி போட்டு மூடாதீர்கள். சூடான காற்று மேலே போக அது ஒன்றுதான் வழி.

இலையும் சருகும் மரமும் என்று எழுதுகிறீர்கள். பாம்பு வராதா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், ஈரோடு

எலி இருந்தால் வரும். குப்பை, செங்கல் குவியல், சமையலறைக் கழிவு, இவற்றை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். சுவரைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு வெறும் சரளை விரித்து, செடிகளை அதற்கு அப்பால் வையுங்கள். மீறி ஒரு சாரைப்பாம்பு வந்தால் உங்கள் எலித் தொல்லை தீர்ந்தது.

மேஸ்திரி எதற்கும் ஒத்துக்கொள்வதில்லை. எலிப்பொறிக் கட்டு என்று சொன்னாலே 'சுவர் உள்ளே பொள்ளல், நிக்காதுங்க' என்கிறார்.
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது இது. லாரி பேக்கர் என்ற இங்கிலாந்தில் பிறந்த கட்டடக்கலைஞர் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கேரளம் முழுக்க இதில் கட்டித் தள்ளினார். செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம், நடுவிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். அவர் கட்டிய வீடுகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

மேஸ்திரிக்குப் பயம் வேறு. பழக்கமில்லாத வேலையில் நேரம் கூடும், சதுர அடிக் கூலியில் அவருக்கு நஷ்டம். முதல் வாரம் மட்டும் நாள்கூலி பேசுங்கள். காம்பவுண்டு ஓரத்தில் ஆறடிக்கு நான்கடி மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டச் சொல்லி, பத்து நாள் கழித்து அவரையே மேலே ஏறி நிற்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் ஏறி நின்ற மேஸ்திரி யாரும் பிறகு மறுத்ததில்லை, இரண்டு பேர் தங்கள் வீட்டையே அப்படிக் கட்டினார்கள்.

அடுத்த வாரம் பூமி பூஜை. வரைபடம் எல்லாம் முடிந்துவிட்டது. இனிமேல் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
– புதிதாக மணமானவர்கள், தஞ்சாவூர்

இருக்கிறது, நல்லவேளை இப்போது கேட்டீர்கள். பூஜை முடிந்த மறுநாள் பொக்லைன் வரும், வந்ததும் மனையைச் சுத்தமாக வழித்து லாரியில் ஏற்றுவார்கள். மேலே ஓர் அடி மண்ணைத் தொட விடாதீர்கள். புழுவும் பூஞ்சையும் வேரும் விதையும் வாழ்கிற மண் அதுதான், உண்டாகப் பல நூறு வருஷம் ஆகிறது, போக ஒரு டிப்பர் நடை போதும். வீடு முடிந்ததும் அதே ஆட்கள் செம்மண் என்று சொல்லி எங்கிருந்தோ ஒரு லோடு கொண்டுவந்து உங்களிடமே விற்பார்கள்.

டிரைவர் வந்தவுடன் டீ வாங்கிக் கொடுத்து முதல் ஓர் அடியைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். மனையின் ஒரு மூலையில், சிமென்ட் கலவை போடுகிற இடத்துக்கு எதிர்ப்பக்கம், நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து வையுங்கள், உயரம் கூடினால் அடியில் காற்றுப் போகாமல் செத்துவிடும். குவியலைச் சுற்றி நான்கு கம்பு நட்டு ஒரு கயிறு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பி இறக்குபவர் அதன்மேல்தான் இறக்குவார். பிறகு உரக்கடையில் இரண்டு கிலோ சணப்பு விதை வாங்கி மேலே தூவித் தண்ணீர் தெளியுங்கள், மண்ணுக்குப் பசுந்தாள் உரமாகிற செடி அது. பூக்கிற நேரத்தில் மடக்கி அந்த மண்ணுக்குள்ளேயே மிதித்துவிட்டு, மறுபடி தூவுங்கள்.